பினாங்கில் ஒரு தெருவின் வரலாற்றுப் பலகைகளைப் படித்துப் பதிவு செய்வது எப்படி

ஜார்ஜ் டவுனில் ரோட்டோரப் பலகைக்குப் பஞ்சமில்லை. பாரம்பரியத் தகவல் பலகை, தெருப்பெயர், அடிக்கல், உபயக்கல், மீசான் கல் (முஸ்லிம் அடக்கத்தலத்தில் நடும் கல்), சுவரில் வளைத்த இரும்புக்கம்பிச் சித்திரம் என்று எல்லாமே எதையோ சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் படித்து, அவற்றின் பின்னாலுள்ள ஊர்க்கதையைச் சேகரித்து, அடுத்தவர் நம்பி எடுத்தாளும்படி எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கு இது.

கோயில் மலருக்குக் கட்டுரை எழுதுபவர்கள், பள்ளித் திட்டப்பணி மாணவர்கள், தாத்தாவின் கடையைத் தேடி வந்தவர்கள் என்று பலரோடு நடந்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். இணையத்தில் ஒரு கதையைப் படித்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற பலகையைத் தேடிப் போகிறார்கள். வரிசை அப்படியே தலைகீழ். முதலில் பலகை, அப்புறம் கல், அப்புறம் ஆள், கடைசியில்தான் தாள்.

1. ஒரே ஒரு தெருவை எடுங்கள்

யுனெஸ்கோ 2008 ஜூலை 7 அன்று பட்டியலிட்ட ஜார்ஜ் டவுன் பகுதி, சுற்றுவளையத்தோடு சேர்த்துச் சுமார் 259 ஹெக்டர். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் மாலையில் முந்நூறு படத்தோடு திரும்புவார்கள். எந்தப் படம் எந்த மூலையில் எடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு தெரு, அதன் இரண்டு பக்கமும், முனையிலிருந்து முனைவரை. புதியவர்களை நான் லெபோ குவீனுக்கு அனுப்புவேன் (மலாயில் லெபோ என்றால் தெரு). மாரியம்மன் கோயில் வாசல் அங்கே இருக்கிறது. கோயிலின் பின்பக்கம் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கைத் தொடுகிறது. அங்கிருந்து நடந்தால் சில நிமிடத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தெரு சிறியது, கடைகளில் தமிழில் பேசலாம், அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், நிழல் உண்டு.

கிளம்பும் முன் அந்தத் தெருவுக்கும் அதன் குறுக்குத் தெருக்களுக்கும் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தாள்களில் பிட் ஸ்ட்ரீட் என்று வருவதுதான் இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்பதும் லெபோ பாசார் என்பதும் நம் பெரியவர்களுக்குக் கடைத்தெரு. டோபி காட் என்றால் வண்ணாந்துறை. வாட்டர்ஃபால் சாலை முருகன் கோயில் தண்ணீர்மலை. லெபோ சூலியாவை ஹொக்கியன் சீனர்கள் மாட்டுக்கொட்டகை என்ற பொருளில் ‘கு கான் தாங்’ என்பார்கள். இந்தப் பக்கம் கையில் இல்லாவிட்டால், பெரியவர் சொல்கிற தெருவும் செய்தித்தாளில் இருக்கிற தெருவும் ஒன்றுதான் என்பதே பிடிபடாது.

2. கைப்பையில் என்ன வேண்டும்

கட்டம்போட்ட நோட்டு, பென்சில் (வியர்த்த கை பட்டால் பேனா மை கலங்கும்), அளவு நாடா, சிறிய டார்ச், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, குடை, தண்ணீர். தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு. கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவழியில் இருக்கும்போது இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி போவதுதான் வசதி.

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் வெட்டிய எழுத்து நிழல் கட்டித் தெரியும். கடைக்காரர்கள் திறந்த பிறகு பலகைக்கு முன்னால் சட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாவு, சுண்ணாம்பு, பிரஷ், தண்ணீர் எதையும் கல்லின் மேல் போடக் கூடாது. எழுத்து பளிச்சென்று தெரியும் என்று விபூதி தடவிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சலவைக்கல்லின் நுண்துளைகளில் அது இறங்கிவிட்டால் லேசில் போகாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

3. எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பிரியுங்கள்

எல்லாப் பலகையும் ஒரே தரத்துச் சாட்சி அல்ல. தகவல் பலகை பிற்காலத்தில் யாரோ படித்துத் தொகுத்தது. அடிக்கல்லும் உபயக்கல்லும் அந்தக் காலத்திலேயே வைத்தவை. மீசான் கல்லும் கல்லறைக் கல்லும் குடும்பம் வைத்தவை. அதில் இறந்த நாளை நம்பலாம், புகழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

இரும்புக்கம்பிச் சித்திரங்கள் தனி ரகம். 2009-இல் மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து உருவான திட்டம் அது. அப்புறம் ஐம்பதுக்கு மேல் சுவர்களில் ஏறின. கேலியும் கிண்டலுமாகத் தெருக்கதை சொல்வதுதான் அவற்றின் வேலை. கேனன் தெருவில் இருப்பது 1867 கலவரத்தை அடக்கச் சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த குழியிலிருந்து தெருப்பெயர் வந்ததாகச் சொல்கிறது. கலவரம் உண்மை. அந்த ஆகஸ்டில் இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதின. வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரண்டு முஸ்லிம் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. ஆனால் பெயர்க்காரணம் வேறு விஷயம். சம்பவத்துக்கு முந்தைய வரைபடத்தில் அந்தப் பெயர் இருந்தால் கதை விழுந்தது, இல்லாவிட்டால் நிற்கலாம். எந்தப் பெயர்க்கதைக்கும் இந்த ஒரு சோதனையைப் போட்டுப் பாருங்கள்.

லவ் லேனுக்கு மூன்று கதை உண்டு. பணக்காரர்கள் சின்னவீடு வைத்த தெரு என்பார்கள், மாலுமிகள் தேடி வந்த தெரு என்பார்கள், முஹர்ரம் ஊர்வலத்தில் நபியின் பேரர் ஹுசைன் மேல் காட்டிய அன்பிலிருந்து வந்தது என்பார்கள். மூன்றையும் எழுதிவைத்து, யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்தால் போதும். தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை.

4. ஐந்து படம், எப்போதும் அதே வரிசை

முதல் படம் தெரு முழுக்கத் தெரிய. இரண்டாவது, பலகை இருக்கும் கட்டடம் கதவெண்ணோடு. மூன்றாவது, பலகை முழுசாக, அளவு நாடா பக்கத்தில். நான்காவது, எழுத்துகள் நெருக்கமாக, டார்ச் இடப்பக்கம். ஐந்தாவது அதே நெருக்கம், டார்ச் மேலிருந்து.

ஏன் இரண்டு வெளிச்சம்? இடப்பக்க ஒளியில் நின்ற கோடுகள் தெரியும், படுத்த கோடுகள் மறையும். மேலொளியில் நேர்மாறு. ஒரே படத்தை நம்பினால் கொம்பும் சுழியும் தப்பிப்போகும்.

புதியவர்கள் அனேகமாக எல்லோருமே முதல் இரண்டு படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்து வருவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது எந்தச் சுவர் என்று சொல்ல ஒன்றுமே இருக்காது.

5. எழுத்தை அப்படியே நகலெடுங்கள்

படம் இருக்கிறதே, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கல்லுக்கு முன்னால் நின்று, வரிக்கு வரி, கையால் எழுதுங்கள். வரி முடியும் இடத்தில் ஒரு சாய்கோடு. சிதைந்த எழுத்துக்குச் சதுர அடைப்பு. பிழையாக வெட்டியிருந்தால் பிழையோடு. ‘தருமம்’ என்பது ‘தறுமம்’ என்று இருந்தால் ‘தறுமம்’தான். திருத்தினால், நீங்கள் திருத்தியது எது, கல்தச்சர் வெட்டியது எது என்று பத்து வருஷம் கழித்து உங்களுக்கே தெரியாது.

இதே விதி கப்பித்தான் கிளிங் என்ற பெயருக்கும். அந்தக் கடைசிச் சொல் இன்று நமக்கு வசவாகக் கேட்கிறது. பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் காலத்தில் ‘கப்பித்தான் கிளிங்’ என்பது இந்தியச் சமூகத் தலைவரின் பதவிப்பெயர். சிலர் கட்டுரையில் அதை நாசூக்காக மாற்றி எழுதுகிறார்கள். வேண்டாம். விளக்கம் தர வேண்டுமென்றால் உங்கள் வாக்கியத்தில் தாருங்கள், பலகையின் வாக்கியத்தில் கை வைக்காதீர்கள்.

பழைய தமிழ்க் கல்லில் கண்ணை ஏமாற்றுகிற இடங்கள் மூன்று. முதலாவது, புள்ளி இருக்காது, அல்லது சில எழுத்துக்கு மட்டும் இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். எகரம் ஏகாரம் வித்தியாசம் தெரியாது. பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா, லை, னை வடிவங்கள். இளையவர்கள் துதிக்கை போட்ட லையைப் பார்த்து வேறு ஏதோ எழுத்து என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, தமிழ் எண். இதில்தான் நானே மாட்டினேன். ஓர் உபயக்கல்லில் பெயருக்குப் பின்னால் ‘௨’ இருந்தது. ‘உ’ என்று படித்து, பிள்ளையார் சுழி என்று குறித்துக்கொண்டேன். பிள்ளையார் சுழி பெயருக்குப் பின்னால் வராது என்ற சின்ன விஷயம்கூட அப்போது உறைக்கவில்லை. அது இரண்டு. இரண்டு தூண் உபயம். ‘௧’ ககரம்போல, ‘௭’ எகரம்போல, ‘௮’ அகரம்போல இருக்கும். பத்துக்கு ‘௰’, நூறுக்கு ‘௱’, ஆயிரத்துக்கு ‘௲’. பழைய முறையில் 1833 என்பது ‘௲௮௱௩௰௩’. புது முறையில் ‘௧௮௩௩’. பக்கத்தில் ‘௵’ இருந்தால் வருஷம், ‘௴’ மாதம், ‘௳’ தேதி. இந்தக் குறிகளை நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆண்டை மாற்றுங்கள், ஆனால் மூல ஆண்டையும் வைத்திருங்கள்

சாலிவாகன சகாப்தம் என்றால் 78 கூட்டுங்கள். கலியுகம் என்றால் 3101 கழியுங்கள். சகம் 1755-உம் கலி 4934-உம் ஒரே 1833-ஐத்தான் தரும். கொல்லம் ஆண்டு என்றால் 825 கூட்டுங்கள். கொல்லம் ஆவணி வாக்கில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடுவரை உள்ள தேதிக்கு ஒன்று குறையும்.

ஹிஜ்ரி ஆண்டில் நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து, 622 கூட்டுங்கள். 1216 என்று இருந்தால் 1801–1802 வாக்கில் வரும். சந்திர ஆண்டு குறுகியது, அதனால்தான் நேராக 622-ஐக் கூட்ட முடியாது. நேராகக் கூட்டி 1838 என்று எழுதிவந்த ஒரு திட்டப்பணியை நான் திருத்தியிருக்கிறேன். பாவம், அதற்கு அழகான அட்டைகூடப் போட்டிருந்தார்கள்.

தமிழ் வருஷப் பெயரில் இரண்டு கண்ணி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விஜய வருஷம் 1833-இலும் 1893-இலும் 1953-இலும் பிறந்தது. கல்லில் வேறு துப்பு இருந்தால் ஒழிய ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்தது, வருஷம் சித்திரையில் பிறக்கிறது. விஜய வருஷம் தை மாதம் என்றால் அது 1834 ஜனவரி, 1833 அல்ல.

7. அந்த ஆண்டு எதனுடைய ஆண்டு?

புதியவர்கள் செய்கிற தவறுகளில் பெரியது இது. ஓர் ஆண்டைப் பார்த்தவுடன் ‘கட்டப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். நிலம் கிடைத்த ஆண்டு, கொட்டகை போட்ட ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, குடமுழுக்கு ஆண்டு, பலகை வைத்த ஆண்டு எல்லாம் வேறு வேறு.

லெபோ குவீன் மாரியம்மன் கோயிலுக்கு 1833 என்பார்கள். நிலத்தின் கதை 1801-லிருந்து தொடங்குகிறது. இன்று நீங்கள் பார்க்கிற சுதை வேலையோ அடுத்தடுத்த திருப்பணிகளில் வந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் 1801 சரி, ஆனால் கண்முன் நிற்கிற குவிமாடத் தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதாக மாற்றிக் கட்டியது. ‘1801-இல் கட்டிய இந்தக் குவிமாடம்’ என்று எழுதினால் இரண்டு உண்மையைச் சேர்த்து ஒரு பொய் செய்ததாகிவிடும்.

கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்து மணிக்கூண்டு நல்ல பாடம். விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்காக எழுப்பியது. விழா 1897-இல். அறுபது ஆண்டு ஆட்சிக்கு அறுபது அடி உயரம், செலவு சியா சென் இயோக் என்ற செல்வந்தருடையது. கூண்டு முடிந்தது 1902-இல், அரசியோ 1901-இலேயே இறந்துவிட்டார். கூண்டு லேசாகச் சாய்ந்திருப்பதற்குப் போர்க்காலக் குண்டுவீச்சைக் காரணம் சொல்வார்கள். ஒரே கூண்டில் நான்கு தேதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எது எதற்கு என்று சொல்லாமல் ஒரு தேதியை மட்டும் எழுதினால் படிப்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

இதே இடத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: பலகையில் யார் இல்லை? செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் எழுந்தது, இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய கைதிகளின் உழைப்பில். அதன் முன்னால் இருக்கும், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபம் 1886-இல், அவர் தீவில் கால்வைத்த நூறாம் ஆண்டுக்கு வைத்தது. லைட்டின் பெயரைத் தேட வேண்டியதில்லை, அது எங்கும் இருக்கிறது. கைதிகளின் பெயர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

8. புத்தகத்தைத் திறக்கும் முன் ஆளைக் கேளுங்கள்

இதைத்தான் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. தயாராகப் போனால்தானே நல்ல கேள்வி கேட்கலாம் என்பார்கள். தெருப்பெயர்களும் தேதிகளும் வரைக்கும் தயாராகப் போங்கள். கதையைத் தெரிந்துகொண்டு போகாதீர்கள். தெரிந்துகொண்டு போனால், பதிலை நீங்களே அவர் வாயில் வைத்துவிடுவீர்கள்.

லெபோ பினாங் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு, எண்பது வயதுப் பெரியவரிடம் எதிர்க் கதவைக் காட்டி, “ஐயா, அது செட்டியார் கிட்டங்கிதானே?” என்று கேட்டேன். (கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கட்டடம்.) “ஆமாங்க தம்பி, ஆமா” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனவன், “அந்தக் கதவுக்குள்ள நீங்க சின்னப்பிள்ளையா இருந்தப்ப என்ன ஐயா இருந்துச்சு?” என்றேன். “அரிசிக்கடை தம்பி. எலிக்குப் பயந்து ஏழெட்டுப் பூனை வளர்த்தாங்க. வாசல்ல படுத்துக் கிடக்கும், தாண்டித்தான் போகணும்.” முதல் பதில் எனக்காகச் சொன்ன மரியாதை. இரண்டாவதுதான் அவர் பார்த்தது.

ஆகவே ‘தானே’ என்று முடியும் கேள்வியே வேண்டாம். ‘என்ன’, ‘யார்’, ‘எப்படி’ என்று கேளுங்கள். வாசனை, சத்தம், விலை, விளையாட்டு பற்றிக் கேட்டால் நினைவு தானாக வரும். கடைக்கார பாய்க்கு வியாபார நேரத்தில் தொல்லை தராமல் மூன்று மணிக்கு மேல் போங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி. பெயரைப் போடலாமா என்பது தனி அனுமதி.

பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதனால் ஒரு சம்பவப் பட்டியல் கையில் வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர். வாழைமர நோட்டுக் காலம், அதாவது ஜப்பானியர் அச்சடித்த பணம் புழங்கிய காலம், 1942 முதல் 1945 வரை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்தது 1985. ‘ரெண்ட் கண்ட்ரோல் எடுத்த பிறகு’ என்றால் 2000-க்குப் பிறகு. பழைய வாடகைச் சட்டம் போனதும் பல குடும்பங்கள் இந்தத் தெருக்களைக் காலி செய்தன, அதனால் அந்த வாக்கியம் உங்கள் நோட்டில் அடிக்கடி வரும். தைப்பூசத்துக்கு இழுக்கும் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-இல் வந்தது. யாராவது தன் முன்னோர் 1880-இல் வெள்ளி ரதம் இழுத்தார் என்றால் மறுக்க வேண்டாம், எழுதிக்கொண்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

9. கடைசியாகத் தாள்

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் பினாங்குச் செய்தி நிறைய. தமிழ் முரசும் அங்கே உண்டு. அப்புறம் மாநில நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், 1986 முதல் இயங்கும் பினாங்கு ஹெரிடேஜ் டிரஸ்ட்.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடாதீர்கள். காதர் முகைதீன் என்ற ஒரே மனிதர் ஆங்கிலத் தாள்களில் கௌடர் மொகுதீன், காதர் மைதின் மெரிக்கன் என்றெல்லாம் மாறி மாறி வருவார். நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்கள் அவர்கள். ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கூட்டல் தயார்செய்துகொண்டு உட்காருங்கள். தெருவுக்கு முதல் படியில் எழுதிய பெயர்ப்பக்கம் இங்கேதான் உதவும்.

தாளில் இருப்பதால் மட்டும் அது சரி ஆகிவிடாது. ஆனால் எந்த நாளில் அச்சானது என்பது உறுதி. அந்த நாளுக்கு முன் அந்தக் கதை வழக்கில் இருந்தது என்பதாவது நிச்சயம்.

10. எழுதும்போது மூன்று குரலையும் கலக்காதீர்கள்

கல்லில் உள்ளது, ஆள் சொன்னது, தாளில் கண்டது: மூன்றும் தனித்தனிப் பத்தி. தமிழில் இதற்கு வசதியான ஓர் ஆயுதம் இருக்கிறது, ‘ஆம்’. ‘அரிசிக்கடை இருந்தது’ என்பது நீங்கள் உறுதி சொல்வது. ‘அரிசிக்கடை இருந்ததாம்’ என்றால் கேட்டதைச் சொல்வது. அந்தச் சின்ன ‘ஆம்’-ஐச் சோம்பல்பட்டு விடாதீர்கள்.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் பார்த்த தேதி, கதவெண், எந்தப் பக்கச் சுவர், எத்தனை அடி உயரம். பலகைகள் இடம் மாறும்.

11. பலகையில் பிழை கண்டால்

தகவல் பலகை என்றால் மாநகர் மன்றத்துக்கோ, பாரம்பரியப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜ் டவுன் வேர்ல்ட் ஹெரிடேஜ் அலுவலகத்துக்கோ எழுதலாம். கோயில், பள்ளிவாசல், சங்கக் கட்டடம் என்றால் நிர்வாகத்திடம் நேரில் பேசுங்கள். கடிதம் ஒரு பக்கம்தான்: பலகையின் படம், இருக்கிற வரி, இருக்க வேண்டிய வரி, ஆதாரம். ‘தமிழைக் கொலை செய்துவிட்டார்கள்’ என்று தொடங்கினால் இரண்டாம் வரியை யாரும் படிக்க மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன் ஐந்து படமும் கோப்பில் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பலகையின் தமிழ் வரியில் ஒற்று விட்டுப்போனதைச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதினேன். பதில் இல்லை. ஏழு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால், ஒற்றைச் சேர்ப்பதற்குப் பதில் பலகையையே கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் நாலு திருகாணி ஓட்டை இருந்தது. அதையும் ஆறாவதாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.